குழந்தையின் முழங்கை முறிந்தால்: கட்டுப் போடும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் பகுதியில் முந்திரி காய்க்கும் காலமும் பள்ளிக்கூடம் விடுமுறை விடும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரத்து முந்திரி மரங்கள் தாழ்வாகக் கிளை பரப்பி நிற்பவை. ஐந்து வயதுப் பிள்ளையும் ஏறிவிடலாம். ஏறுவது சுலபம் என்பதால்தான் விழுவதும் அதிகம். மரம் இல்லாத தெருவில் மாடிப்படி இருக்கிறது, திண்ணை இருக்கிறது, அண்ணனின் சைக்கிள் இருக்கிறது. விழும் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கையை நீட்டித் தரையில் ஊன்றும். அந்த ஊன்றலின் வேகம் நேராகப் போய் முழங்கையில் இறங்குகிறது.

மங்கலம்பேட்டையில் இப்படி ஒரு பிள்ளை விழுந்தால் பத்து நிமிடத்தில் வாசலில் நான்கு யோசனைகள் கூடிவிடும். சுளுக்குதான், எண்ணெய் தடவி நீவினால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். கட்டுப் போடுபவரின் ஊரைச் சொல்வார் இன்னொருவர். விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கு ஓடு என்பார் மூன்றாமவர். நான்காமவர், உளுந்தூர்பேட்டை வழியாக முண்டியம்பாக்கத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ நேரே போய்விடலாமே என்பார். பிள்ளையின் அத்தா வெளிநாட்டில் இருந்தால் போனில் ஐந்தாவது யோசனையும் வரும். கடைசியில் பள்ளிவாசலில் இருக்கும் எங்களிடம் கேட்பார்கள்: "ஹஜ்ரத், எங்க தூக்கிட்டுப் போறது?"

நான் மருத்துவன் அல்ல. மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் படித்ததும் கலைப் பாடம்தான். ஆனால் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதால், எலும்பு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதைக் குடும்பங்களுக்குப் புரியும்படி எழுதுவது நல்லது என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு வரும் எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை எப்படியும் கூடிவிடும். முழங்கை அப்படிப்பட்டதல்ல. இங்கே சில மணி நேரத் தாமதமோ, இறுக்கமான ஒரு கட்டோ, ஒரு கையையே வாழ்நாள் முழுதும் பயனற்றதாக்கிவிடக் கூடும்.

முறிவது எந்த இடம்?

தோளிலிருந்து முழங்கை வரை வரும் மேற்கை எலும்பு, முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே திடீரென்று தட்டையாகி மெலிந்துவிடுகிறது. அங்கே முன்பக்கம் ஒரு குழி, பின்பக்கம் ஒரு குழி. கையை மடக்கும்போதும் நீட்டும்போதும் முன்கை எலும்புகளின் முனைகள் வந்து அமர்வதற்காக அமைந்த குழிகள் அவை. இரண்டு குழிகளுக்கும் நடுவே இருப்பது மெல்லிய தகடு போன்ற எலும்புதான். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்கள் தளர்வாக இருக்கும். அதனால் நீட்டிய கையோடு விழும்போது முழங்கை அளவுக்கு மீறிப் பின்னால் வளைகிறது. முன்கை எலும்பின் முனை கடப்பாரை போலப் பின்குழியில் நெம்ப, மெலிந்த தகடு உடைகிறது. மருத்துவர்கள் இதைச் சுப்ராகாண்டிலார் முறிவு என்கிறார்கள். பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். உடைந்த கீழ்த் துண்டு பின்னால் தள்ளப்படும் வகையே 95 சதவீதத்துக்கும் மேல்.

அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு முன்பக்கமாகக் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. விரல்களை இயக்கும் மூன்று நரம்புகளும் அந்த வட்டாரத்தில்தான் செல்கின்றன. உடைந்த எலும்பின் மேல் துண்டு கூராக முன்னால் துருத்தினால், அது குத்துவது இந்தத் தமனியையும் நரம்பையும்தான். முழங்கை முறிவை மற்ற முறிவுகளோடு ஒன்றாக எண்ணக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் வளர்ச்சி. மேற்கை எலும்பு நீளமாக வளர்வதில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள் பக்க முனையில் நடக்கிறது. முழங்கைப் பக்கம் 20 சதவீதம்தான். பிள்ளைக்கு மணிக்கட்டுக்கு மேலே முறிந்து சற்றுக் கோணலாகக் கூடினாலும் வளர வளர எலும்பு தானே நேராகிவிடும். முழங்கையில் அந்தச் சலுகை மிகக் குறைவு. கோணலாகக் கூடினால் கோணலாகவே நிற்கும். கையை நீட்டினால் முழங்கை வெளிப்பக்கம் துருத்தி, முன்கை உடம்பை நோக்கித் திரும்பிய பெரியவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அது சிறு வயதில் விழுந்து சரியாகப் பொருத்தப்படாத முறிவு. வேலைக்குப் பெரிய தடை இல்லை என்றாலும், பெண் பிள்ளைகளுக்குத் திருமணப் பேச்சு நடக்கும் வயதில் அதைச் சொல்லி வருந்தும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். பின்னாளில் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதற்கு முதல் நாள் சிகிச்சையை ஒழுங்காகச் செய்துவிடுவது எவ்வளவோ எளிது.

வீட்டில் பார்க்க வேண்டியது

முதலில் ஒரு வேறுபாடு. விழவே இல்லை, தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்து இழுத்தார்கள், அல்லது சட்டை மாட்டும்போது இழுத்தார்கள், உடனே பிள்ளை கையைத் தொங்கவிட்டு அசைக்க மறுக்கிறது, வீக்கம் ஒன்றுமில்லை. வயது ஐந்துக்குக் கீழ். இது பெரும்பாலும் முறிவு அல்ல. முன்கை எலும்பின் தலை அதைச் சுற்றியுள்ள நாரிலிருந்து சற்று நழுவியது. மருத்துவர் கையை ஒரு தடவை திருப்பி மடக்கினால் பல பிள்ளைகள் சில நிமிடங்களிலேயே விளையாட ஆரம்பித்துவிடும். எக்ஸ்ரே கூடத் தேவைப்படாது. ஓத வரும் சிறுபிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கி வரிசையில் உட்கார வைக்கும் உஸ்தாதுகளும் இதை அறிந்திருக்க வேண்டும். தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

ஆனால் பிள்ளை விழுந்திருந்தால், முழங்கை வீங்கியிருந்தால், இந்தத் திருப்பும் வித்தையை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. முறிந்த எலும்பைத் திருப்பினால் நரம்பைத் திருப்பியதாகிவிடும்.

முறிவு என்றால் பிள்ளை மறு கையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். முழங்கைக்கு மேலே வீக்கம் வேகமாக ஏறும். துண்டு நன்றாக விலகியிருந்தால் கையைப் பக்கவாட்டில் பார்க்கும்போது வளைந்து நெளிந்த கோடு போலத் தெரியும். முழங்கையின் முன் மடிப்புக்கு மேலே நீலம் பாய்ந்து தோல் உள்ளே இழுபட்டது போல இருந்தால், எலும்பு முனை தசைக்குள் குத்தி நிற்கிறது என்று அர்த்தம். அது கடுமையான முறிவு.

இப்போது விரல்களைப் பாருங்கள். பலரும் முழங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபத்தைச் சொல்வது விரல்கள்தான். நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மறு கையோடு ஒப்பிட்டு, விரல்கள் சில்லென்று இருக்கின்றனவா, வெளுத்திருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பிள்ளை ஒத்துழைத்தால் விளையாட்டாக மூன்று காரியம் கேட்கலாம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நுனியோடு நுனி சேர்த்து வட்டமாகப் பிடிக்கச் சொல்வது, கட்டை விரலை மேலே நீட்டிக் காட்டச் சொல்வது, விரல்களை அகல விரிக்கச் சொல்வது. மூன்றும் மூன்று நரம்புகளின் சோதனை. இந்த முறிவில் அதிகம் பாதிக்கப்படும் நரம்பு, முதலில் சொன்ன வட்டத்தைப் பிடிக்க உதவும் நரம்புதான். பிள்ளை அழுகையில் செய்ய மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். செய்தால், எத்தனை மணிக்குச் செய்தது என்று நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வரும் வழியில் நிலை மாறியதா என்று அறிய அவருக்கு அது பெரிய உதவி.

கையில் வளையல், மோதிரம், கறுப்புக் கயிறு, தாயத்து எது இருந்தாலும் உடனே கழற்றுங்கள், வராவிட்டால் வெட்டுங்கள். தாயத்தை வெட்டத் தயங்கும் பாட்டிமார் உண்டு. ஒரு மணி நேரத்தில் கை வீங்கியபின் அந்தக் கயிறே ரத்த ஓட்டத்தை இறுக்கிவிடும். பிறகு கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அடியில் வைத்து, துப்பட்டாவால் தளர்வாகக் கழுத்தோடு தொங்கவிடுங்கள். முழுதாக நீட்டவும் கூடாது, இறுக மடக்கவும் கூடாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் அதன்மீது மஞ்சளோ காப்பித் தூளோ போடாமல் சுத்தமான துணியால் மூடி உடனே புறப்படுங்கள்.

நம் வீடுகளில் அன்பினால் நடக்கும் ஒரு தவறும் இருக்கிறது. அழுகிற பிள்ளைக்கு வழியெல்லாம் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டே வருவோம். மயக்க மருந்து கொடுத்து எலும்பைப் பொருத்த வேண்டி வந்தால் திட உணவு உண்டு ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். வழியில் கொடுத்த ஒரு பன் ரொட்டி சிகிச்சையை நள்ளிரவுக்குத் தள்ளிவிடும். கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டது என்பதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே ஏன் குழப்புகிறது?

பிறந்த குழந்தையின் முழங்கையில் எலும்பு முனைகள் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு வயது வாக்கில் முதல் எலும்புப் புள்ளி தோன்றும். பிறகு மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒன்றாக ஆறு புள்ளிகள் தோன்றி, பதின்ம வயதில் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் ஒட்டாமல் நிற்கும் சில துண்டுகள் இயல்பாகவே இருக்கும். அனுபவம் இல்லாதவர் இயல்பான புள்ளியை உடைந்த துண்டு என்று எண்ணலாம். அதைவிட மோசமாக, உடைந்த துண்டை இயல்பான புள்ளி என்று விட்டுவிடலாம். இதனால்தான் சில மருத்துவர்கள் அடிபடாத கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். பில் ஏற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம்.

"எலும்பு முறியலைன்னு சொல்லிட்டு மாவுக்கட்டு போட்டுட்டாங்க" என்று குறைப்படுபவர்களும் உண்டு. முழங்கை மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால், எலும்பை ஒட்டியுள்ள கொழுப்புப் படலம் மேலே தள்ளப்பட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் பின்பக்கம் ஒரு கறுத்த நிழலாகத் தெரியும். முறிவுக் கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இந்த நிழல் இருந்தால் உள்ளே மெல்லிய முறிவு இருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்வார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும் படத்தில் புது எலும்பு படிவது தெரிந்து அது உறுதியாகும்.

தப்பிப் போகும் முறிவுகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கையின் வெளிப்பக்க முண்டு மூட்டோடு சேர்ந்து உடைவது. பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் எண்ணிக்கையில் இரண்டாவது இடம் இதற்கு. வீக்கம் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும், கை கோணலாகத் தெரியாது, பிள்ளை ஓரளவு அசைக்கவும் செய்யும். "லேசான அடிதான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். துண்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். ஆனால் இந்த முறிவு மூட்டுக்குள் நுழைந்திருப்பதாலும், துண்டைத் தசைகள் இழுத்துக்கொண்டே இருப்பதாலும், விலகியிருந்தால் தானாகக் கூடாது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் கம்பியோ திருகோ வைத்துப் பொருத்துவதே வழக்கம். விட்டுவிட்டால் முழங்கை வருடக்கணக்கில் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே போகும். ஏழு வயதில் விழுந்தவனுக்கு இருபத்தைந்து, முப்பது வயதில் சுண்டுவிரல் மரத்து, கையின் பிடி தளரும். உள்பக்கம் ஓடும் நரம்பு இத்தனை வருடமும் இழுபட்டு வந்ததன் விளைவு அது. விழுந்த கதையே அதற்குள் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

கட்டுப் போடுபவரும் மருத்துவமனையும்

ஆந்திராவின் புத்தூர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு கட்டுப் போடும் இடங்கள் தமிழகத்தின் எந்தச் சிறு ஊரிலும் இருக்கின்றன. மூங்கில் சிம்பு, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி. மக்கள் ஏன் போகிறார்கள் என்று மருத்துவர்கள் கோபப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அருகில் இருக்கிறது, செலவு குறைவு, ஆபரேஷன் என்ற சொல்லே அங்கு வராது. விலகாத முறிவுகள் அசையாமல் வைத்திருந்தாலே கூடிவிடும் என்பதால் கட்டியவருக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயரை நம்பித்தான் முழங்கையையும் கொண்டுபோகிறோம்.

முழங்கையில் கணக்கு மாறுகிறது. அடிபட்ட முதல் இரண்டு நாள் வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். நெகிழாத சிம்பை வைத்துச் சுற்றிலும் இறுக்கினால் வீக்கத்துக்கு வெளியே போக வழியில்லை. அழுத்தம் உள்ளே திரும்புகிறது. முன்கைத் தசைகள் உறுதியான உறைக்குள் அடைபட்டிருப்பவை. உள்ளழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் அவற்றுக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் போல அப்படி இருந்தால் தசை செத்துப் போகும். செத்த தசை பிறகு சுருங்கி நாராக மாறும். மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கொக்கி போல வளைந்து, விரிக்க முடியாமல் நின்றுவிடும். ரிச்சர்டு ஃபோன் வோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881இல் இதை விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் இந்த ஊனம் வழங்குகிறது. அவர் எழுதியது நம் ஊர் மூங்கில் கட்டைப் பற்றி அல்ல, ஐரோப்பிய மருத்துவர்கள் போட்ட இறுக்கமான கட்டுகளைப் பற்றி. ஆகவே கெடுதல் இறுக்கத்தில் இருக்கிறது; அதைப் போட்டவர் வைத்தியரா டாக்டரா என்பதில் இல்லை. மருத்துவமனை மாவுக்கட்டும் இறுகினால் இதே கெடுதலைச் செய்யும்.

நம் வட்டாரத்தில் இப்படி விரல் மடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆறு வயதில் கட்டிய கட்டு. மூன்று இரவும் பிள்ளை கத்தியிருக்கிறது. எலும்பு கூடும்போது வலிக்கத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சமாதானம்தான் கையைக் கெடுத்தது. முறிந்த எலும்பு அசையாமல் வைக்கப்பட்டால் வலி குறைந்துகொண்டே வர வேண்டும். கட்டுப் போட்ட பின் வலி கூடிக்கொண்டே போனால், மடங்கிய விரலை மெல்ல நீட்டும்போது பிள்ளை அலறினால், வலி மருந்தை அடிக்கடி கேட்டால், சமாதானப்படுத்த முடியாத அளவு அமைதியற்றிருந்தால், எந்தக் கட்டாக இருந்தாலும் அது நடு இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கட்டை உடனே பிளந்து தளர்த்துவார்கள். தேவைப்பட்டால் தசை உறையைத் திறந்து அழுத்தத்தை இறக்குவார்கள். விரல் வெளுத்து நாடி நிற்கும்வரை காத்திருந்தால் அது தாமதம்.

எண்ணெய் போட்டு நீவுவதையும் இத்தோடு சேர்த்தே சொல்கிறேன். முழங்கை மூட்டைச் சுற்றியுள்ள தசையை அடிபட்ட நிலையில் உருவினால், அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு படியக் கூடும். பிறகு கை மடங்காது, நீளாது. கட்டுப் பிரித்த பின்பும் நீவக் கூடாது.

நமது ஆலிம்கள் சிலர் பெருமையோடு சொல்லும் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் இருந்து எழுதிய அத்தஸ்ரீஃப் என்ற முப்பது பாகங்கள் கொண்ட நூலில் கடைசிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் ஒதுக்கினார். அவரைப் பெருமைப்படுவோர், தன் காலத்தில் கிடைத்த ஆகச் சிறந்த அறிவைத் தேடிப் போனவர் அவர் என்பதையும் நினைத்தால் நல்லது. பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் ஆம்புலன்ஸில் போகும்போதே செய்யலாம்.

என்ன சிகிச்சை செய்வார்கள்?

1959இல் கார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த மூன்று நிலைகளை வைத்தே இன்றும் முடிவெடுக்கிறார்கள். முதல் நிலையில் எலும்பு கீறியிருக்கும், விலகியிருக்காது. முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு, சுமார் மூன்று வாரம், முடிந்தது. இரண்டாவதில் துண்டு பின்னால் சாய்ந்திருக்கும், பின்பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவதில் முழுவதும் விலகிவிடும். மூன்றாவதற்கும் இரண்டாவதில் பலவற்றுக்கும் மயக்க மருந்து கொடுத்து, வெட்டாமலே கையை இழுத்து எலும்பைப் பொருத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து, ஏனென்றால் உள்பக்கம் நரம்பு இருக்கிறது. துண்டு பொருந்த மறுத்தாலோ தமனி சிக்கியிருந்தாலோதான் திறக்க வேண்டி வரும்.

கம்பி என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இது பெரியவர்களுக்குத் தொடையில் வைக்கும் கம்பி போன்றதல்ல. அதன் முனை தோலுக்கு வெளியே வளைத்து விடப்பட்டிருக்கும். மூன்று நான்கு வாரத்தில் புறநோயாளிப் பிரிவிலேயே, பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல் உருவி எடுத்துவிடுவார்கள். கம்பி இல்லாமல் மாவுக்கட்டால் மட்டும் பிடித்து வைக்கப் பார்த்தால் கையை அதிகமாக மடக்க வேண்டும். வீங்கிய முழங்கையை அப்படி மடக்கினால் தமனி நெரியும். கம்பி இருப்பதால் கையைத் தளர்வான கோணத்தில் வைக்க முடிகிறது. கை கெட்டுப் போகாமல் காப்பதில் அந்தக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

இரவில் கொண்டுபோன பிள்ளைக்குக் காலையில்தான் ஆபரேஷன் என்றால் அலட்சியம் என்று சண்டை போடுகிறோம். விரல்கள் சிவப்பாக, வெதுவெதுப்பாக, அசைவோடு இருந்தால், தளர்வான தாங்கு கட்டில் வைத்து, இடையிடையே கண்காணித்து, காலையில் செய்வதில் தவறில்லை. வெளுத்த, சில்லிட்ட கை என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே செய்ய வேண்டியது அது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்?" என்பதுதான்.

நரம்பு அடிபட்டு விரல் அசையாவிட்டால் மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, நசுங்கியிருக்கும். சில மாதங்களில் தானே திரும்பிவிடும்.

எங்கே போவது என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். விரல்கள் நன்றாக இருந்தால் விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, தாங்கு கட்டுப் போட்டு, தேவையெனில் அவர்கள் அனுப்பும் இடத்துக்குப் போவது ஒழுங்கு. விரல் வெளுத்திருந்தால், தோல் கிழிந்திருந்தால், கை வெகுவாகக் கோணியிருந்தால், 108இல் ஏறும்போதே நிலைமையைச் சொல்லி, எலும்பு அறுவை சிகிச்சையும் மயக்க மருத்துவரும் உள்ள இடத்தைக் கேளுங்கள். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் பழைய ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகியிருக்கும் இடம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. தனியார் மருத்துவமனைக்குப் போவதென்றால் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது அது. அட்டை இல்லாதவர்கள் பிள்ளை விழும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள். இந்த விஷயத்தில் ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜுமுஆவுக்குப் பின் முகாம் போட்டால் பல வீடுகளுக்கு உதவும்.

கட்டுப் பிரித்த பிறகு

மூன்று நான்கு வாரம் அசையாமல் இருந்த முழங்கை உடனே முழுதாக நீளாது. பெற்றோர் பயந்து, பிள்ளையை அழவைத்துக் கையை இழுத்து நீட்டுகிறார்கள்; கையில் மணல் வாளி கொடுத்துத் தொங்கவிடச் சொல்கிறார்கள். இரண்டும் கெடுதல். பிள்ளை தானாகச் சாப்பிடட்டும், தலை சீவட்டும், சட்டை போடட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தனியாகப் பயிற்சி கூடத் தேவைப்படுவதில்லை. வாரங்களில் நிறையத் திரும்பும், கடைசிச் சில பாகைகள் திரும்பச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகலாம். மரம் ஏறுவது, சைக்கிள், பந்து விளையாட்டு எல்லாம் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம்; புதிதாகக் கூடிய எலும்பு மறுபடி உடைவது உண்டு. வெளிப்பக்க முண்டு முறிந்தவர்கள் மட்டும், கை நன்றாக இருந்தாலும், மருத்துவர் அழைக்கும் தவணைகளை விடாமல் போய்க் காட்ட வேண்டும்.

ஓத வரும் பிள்ளைகள் கட்டோடு வந்து ஒளு பற்றிக் கேட்கிறார்கள். பருவம் அடையாதவர்களுக்குத் தொழுகை கடமையாகவில்லை என்றாலும் பழக்கத்துக்காகத் தொழும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கட்டு மறைக்காத இடங்களைக் கழுவிவிட்டு, நனைந்த கையால் கட்டின் மேல் மஸஹு செய்தால் ஹனஃபி மத்ஹபில் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்முமும் செய்ய வேண்டும். அதன் மற்ற விவரங்களை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையை உதறிவிட்டு லேசான ஈரத்தால் தடவினால் போதுமானது. தண்ணீரை ஊற்றினால் மாவுக்கட்டு இளகும். கம்பி உள்ள கையில் அந்த ஈரம் கம்பி வழியாக உள்ளே இறங்கிச் சீழ் வைக்கும். ஆறிய பின் கட்டைப் பிரித்தால் அந்த மஸஹு முடிந்துவிடும். பிரித்த இடத்தைக் கழுவிய பிறகே அடுத்த தொழுகைக்கு நிற்க வேண்டும்.